அவுட்டா, இல்லையா?



முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. தாமல் ஏரியில் தண்ணீர் இறங்கிக் கரையோர வண்டல் காய்ந்து இறுகியதும், அங்கே முதலில் வந்து சேர்கிறவர்கள் பிள்ளைகள்தான். விடிந்ததும் மட்டையும் டென்னிஸ் பந்துமாக ஒரு கூட்டம். வெயில் தாழ்ந்ததும் சுண்ணாம்பால் கபடிக் கோடு போட இன்னொரு கூட்டம். நெடுஞ்சாலையில் பெங்களூருக்குப் போகிற லாரிகளின் இரைச்சலையும் மீறி அங்கிருந்து ஒரு கூச்சல் அடிக்கடி எழும்: "போங்கு! இது போங்கு ஆட்டம்! நான் அவுட் இல்ல!"

இந்த மாதப் பக்கத்தை அந்தக் கூச்சலுக்கே ஒதுக்குகிறேன். கோடை விளையாட்டைப் பற்றி எழுதுங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படித்தபோது, யார் ஜெயித்தார்கள் என்று எழுதியதைவிட, எந்தத் தீர்ப்பு சரியில்லை என்று எழுதியவைதான் அதிகமாகத் தெரிந்தன. சிலர் படமே போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஸ்டம்ப் இங்கே, நான் இங்கே, பந்து இங்கே, அம்பயர் அங்கே பேசிக்கொண்டு நின்றார் என்று அம்புக்குறி போட்டு. இத்தனை அக்கறையோடு எழுதுகிற பிள்ளைகளுக்கு "விளையாட்டுதானே, விடு" என்று பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு ஒரு காரணம் இந்த ஊர்ப்பக்கத்துக்கே உரியது. காஞ்சிப் பட்டில் கோர்வை என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், இரண்டுக்கும் தனித்தனி நாடா. நெய்கிறவர் ஒருவரால் ஆகாது, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். நெடுங்காலம் அந்த ஆள் ஒரு சிறுவன், அல்லது சிறுமி. வீட்டார் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளையின் பகல் முழுவதும் தறியில் போனது. அந்தப் பிள்ளைகளை அங்கிருந்து எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து மைதானத்துக்கும் கொண்டுவர ஆசிரியர்களும் தொண்டு செய்கிறவர்களும் அதிகாரிகளும் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். பிள்ளைகளுக்கு விளையாட நேரம் கிடைத்தது இந்தப் பகுதியில் போராடிப் பெற்ற ஒன்று. அந்த நேரத்துக்குள் நடக்கிற ஆட்டம் நியாயமாக நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான்.

மைதானங்களில் நின்று பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது. அவுட் ஆவதைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். ஏன் அவுட் என்று யாரும் சொல்லாததைத்தான் தாங்க முடிவதில்லை. காரணம் தெரிந்துவிட்டால் அழுகை கால் மணி நேரத்தில் போய்விடுகிறது. தெரியாவிட்டால் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகும், "அன்னிக்கு என்ன அவுட்டு குடுத்தாங்க பாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

காரணம் சொன்னால் எவ்வளவு மாறும் என்பதைக் காட்ட, நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஆட்டம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளைகளை அதிகமாகக் குழப்புகிற பந்தாட்டம் எது என்று கேட்டால் சாஃப்ட்பாலைச் சொல்வேன். 1887-ல் சிகாகோவில், குளிர்காலத்தில் கூரைக்கடியில் ஆடுவதற்காக, குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாகவும் துடைப்பக் கட்டையை மட்டையாகவும் வைத்து ஜார்ஜ் ஹான்காக் என்பவர் ஆரம்பித்து வைத்த ஆட்டம் இது. இன்று பந்தின் சுற்றளவு 12 அங்குலம். கையைக் கீழிருந்து வீசித்தான் எறிய வேண்டும். ஏழு இன்னிங்ஸ். 1996 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் பெண்கள் ஆடினார்கள், டோக்கியோவில் மறுபடி வந்தது, 2028-ல் லாஸ் ஏஞ்சலிஸிலும் வரப்போகிறது. நம் நாட்டிலும் பள்ளிகளுக்கிடையே, பல்கலைக்கழகங்களுக்கிடையே சாஃப்ட்பால் போட்டிகள் நடக்கின்றன.

அதில் ஒரு தீர்ப்பு. ஓடித் தொட வேண்டிய இடங்களான பேஸ்களில் முதலாவதிலும் இரண்டாவதிலும் அடிக்கிற அணியின் பெண்கள் நிற்கிறார்கள். அந்த இன்னிங்ஸில் அவுட் ஆனவர்கள் இன்னும் இரண்டு பேரை எட்டவில்லை. அடித்த பந்து பக்கத்திலேயே உயரமாகக் கிளம்புகிறது, உள்வட்டத்தில் நிற்கிற யாரும் சுலபமாகப் பிடித்துவிடலாம். பந்து ஆகாயத்தில் இருக்கும்போதே நடுவர் கையை உயர்த்தி, "இன்ஃபீல்ட் ஃபிளை, பேட்டர் அவுட்" என்று குரல் கொடுத்துவிடுகிறார். பந்து பிடிபட வேண்டியதே இல்லை. கை நழுவித் தரையில் விழுந்தாலும் அவள் அவுட். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது எப்படி இருக்கும்? கேட்ச் விட்டாச்சு, ஆனாலும் அவுட்டாம்! முதல் தடவை பார்க்கிற எந்தப் பிள்ளையும் நடுவரைத்தான் முறைக்கும்.

இப்போது காரணத்தைக் கேளுங்கள். பந்து பிடிபட்டால் பேஸில் நிற்கிறவர்கள் அங்கேயே நிற்க வேண்டும், விலகியிருந்தால் திரும்பி வர வேண்டும். கீழே விழுந்தால் அடுத்த பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும். எது நடக்கும் என்று தெரியாமல் இருவரும் நடுவழியில் தவிப்பார்கள். கெட்டிக்காரியான ஃபீல்டர் ஒருத்தி வேண்டுமென்றே பந்தை நழுவவிட்டு, எடுத்து எறிந்து, அந்த இருவரையும் ஒரேயடியாக அவுட் ஆக்கிவிட முடியும். அந்தத் தந்திரத்துக்கு வழி அடைக்கத்தான் அடித்தவளை முன்கூட்டியே அவுட் என்று சொல்லி, ஓடியே தீர வேண்டிய கட்டாயத்திலிருந்து மற்ற இருவரையும் விடுவிக்கிறார்கள். இதைச் சொன்னதும் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடுகிறது. முறைத்த அதே பிள்ளை அடுத்த ஆட்டத்தில் தோழிக்கு விளக்கிச் சொல்கிறது.

அதே ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு வழக்கம் உண்டு. பந்து கையில் இல்லாத ஃபீல்டர், ஓடி வருகிறவளின் வழியில் நின்று தடுத்துவிட்டால் அது குற்றம். ஆனால் நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்துவதில்லை. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி முஷ்டியை மடக்கி நிற்கிறார். ஓட்டம் தொடர்கிறது, பந்து பறக்கிறது. எல்லாம் அடங்கிய பிறகு, அந்தத் தடை இல்லாதிருந்தால் அவள் எந்த பேஸைத் தொட்டிருப்பாளோ அதை அவளுக்குக் கொடுக்கிறார். நீட்டிய கைக்குப் பொருள் தெரியாத பெற்றோர் அந்தச் சில நொடிகளுக்குள், "இடிச்சது கண்ணுக்குத் தெரியலையா?" என்று வேலி ஓரத்திலிருந்து கத்தித் தீர்த்திருப்பார்கள். அவர் எல்லோருக்கும் முன்பே பார்த்துவிட்டார், காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

மூன்றாவது ஸ்ட்ரைக்கை, அதாவது அடிக்கத் தவறிய மூன்றாவது பந்தை, பின்னால் நிற்கிற கேட்சர் பிடிக்காமல் விட்டு, முதல் பேஸ் காலியாகவும் இருந்தால், அவுட் என்று நினைத்துத் தலை குனிந்து திரும்புகிறவள் ஓடிப் பிழைக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. மிகச் சிறிய வயதினருக்கான பல போட்டிகளில் இதை எடுத்தே விட்டார்கள். சரியான காரியம் என்றே சொல்வேன். பிள்ளையின் வயதுக்கு ஏற்ப விதியைக் குறைத்துக்கொள்வதில் ஆட்டத்துக்கு எந்த இழுக்கும் இல்லை.

சரி, நம் மண்ணின் ஆட்டத்துக்கு வருவோம். கபடியில் குழப்பம் என்றால் பிள்ளைகள் முதலில் சொல்வது லாபியைத்தான். களத்தின் இரு ஓரங்களிலும் நீளமாக ஓடுகிற அந்தப் பட்டை, ரெய்டர் எதிரணியில் யாரையாவது தொடும்வரை களத்துக்கு வெளியே. தொட்ட மாத்திரத்தில் உள்ளே. ஒரே தரை, ஒரு நொடிக்கு முன்னால் அவுட், ஒரு நொடிக்குப் பின்னால் அவுட் இல்லை. தொட்டது விரல் நுனியா, பனியன் நுனியா என்று பார்க்க வேண்டியவர் ஒரு நடுவர், வேகமோ கண் இமைக்கிற வேகம்.

இது நம் ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற சிக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். 2023 அக்டோபர் 7, சீனாவின் ஹாங்சோ. ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி இறுதியாட்டம், இந்தியாவும் ஈரானும். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சம்தான் பாக்கி, 28–28 என்று சமநிலை. இந்தியக் கேப்டன் பவன் செராவத் பாடிப் போனார். யாரையும் தொடாமலே அவர் கால் லாபிக்குள் போய்விட்டது. அதைக் கவனிக்காத ஈரான் வீரர்கள் அவரைத் துரத்தி லாபிக்குள்ளேயே வந்து மடக்கினார்கள். இப்போது யார் அவுட்?

ஒரு விதிப்படி ரெய்டர் மட்டும் அவுட், தொடாமல் வெளியே போனவர் அவர்தானே. இன்னொரு விதிப்படி அவரைப் பின்தொடர்ந்து லாபிக்குள் வந்த எதிரணியினரும் அவுட். தொழில்முறை லீக்கில் ஒன்று, ஆசியப் போட்டியில் இன்னொன்று. நடுவர்கள் ஒரு முடிவு சொன்னார்கள், பிறகு மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். இந்திய வீரர்கள் ஒப்பவில்லை, ஈரான் வீரர்களும் ஒப்பவில்லை. வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியாவுக்கு நான்கு புள்ளியும் ஈரானுக்கு ஒரு புள்ளியும் கொடுத்து ஆட்டத்தைத் தொடர, 33–29 என்று இந்தியா தங்கம் வென்றது.

தங்கம் நமக்கு வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்தபோது மனம் சங்கடப்பட்டது. இரண்டு பக்கத்தாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தாங்கள் பழகிய விதியைச் சொன்னார்கள். நாம் இன்று எந்த விதிப்படி ஆடுகிறோம் என்பதை எல்லோரும் ஒரே மாதிரி அறிந்திராததுதான் வினையாகிவிட்டது. ஆசியாவின் இறுதியாட்டத்திலேயே இப்படி என்றால், பக்கத்து ஊர் அணி டிராக்டரில் வந்து இறங்குகிற நம் கோடைப் போட்டிகளில் எத்தனை கவனம் வேண்டும்! டாஸ் போடுவதற்கு முன் இரண்டு கேப்டன்களையும் அழைத்து, போனஸ் உண்டா, எதிரே எத்தனை பேர் இருந்தால் உண்டு, லாபிக்குள் துரத்தினால் என்ன, ரெய்டு எத்தனை நொடி என்று சத்தமாகச் சொல்லிவிட இரண்டு நிமிடம்கூட ஆகாது. சொல்லாமல் விட்ட ஆட்டங்கள்தான் அடிதடியில் முடிந்து, இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஆறு மாதம் பேசிக்கொள்ளாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறோம்.

கிரிக்கெட்டைப் பற்றி வந்த கடிதங்களில் பல ஒரே கேள்வியைக் கேட்டன. பந்து போடுகிறவன் பந்தைப் போடாமல், எதிர்முனையில் கிரீஸை விட்டு வெளியே வந்துவிட்ட பேட்ஸ்மேனின் பெயிலைத் தட்டிவிட்டால் அது அவுட்டா? ஒரு மாணவன் எழுதுகிறான்: "எங்க அம்பயர் அண்ணா அவுட் குடுத்துட்டு, பவுலர திட்டவும் திட்டினாரு." தம்பி, அவுட் கொடுத்தது சரி. திட்டியது சரியில்லை.

1947 டிசம்பரில் சிட்னியில் வினூ மன்கட், பில் பிரவுனை இப்படி ரன் அவுட் செய்த நாளிலிருந்தே இந்தச் சண்டை இருக்கிறது. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் நம் அஸ்வின், ஜோஸ் பட்லரை அதே விதமாக அவுட் செய்தபோது உலகமே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. அஸ்வின் கடைசிவரை தயங்காமல் சொன்னது ஒன்றுதான், இது விதியில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் லார்ட்ஸில் தீப்தி சர்மாவும் சார்லி டீனை அப்படியே அவுட் செய்தார். அந்த ஆண்டு அக்டோபரில் எம்.சி.சி. தன் விதிப் புத்தகத்தில், முறையற்ற ஆட்டம் என்ற பகுதியிலிருந்து இதை எடுத்து ரன் அவுட் பகுதிக்குள்ளேயே வைத்துவிட்டது. முன்னெச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. பந்தைக் கையிலிருந்து விடுவார் என்று எதிர்பார்க்கிற நொடி வரைக்கும்தான் இது செல்லும். கை சுழன்று அந்த இடத்தைத் தாண்டிவிட்ட பிறகு திரும்பித் தட்டினால் அவுட் இல்லை. 2023 ஜனவரியில் மெல்பர்னில் ஆடம் ஸாம்பா தட்டியபோது மூன்றாவது நடுவர் அவுட் இல்லை என்றது இதனால்தான்.

பயிற்சி கொடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பந்து போடுகிற பிள்ளையிடம் அதைச் செய்யாதே என்று சொல்வதைவிட, ஓடுகிற பிள்ளையிடம் பந்து கையை விட்டுப் போகும்வரை மட்டையைக் கிரீஸுக்குள் வைத்திரு என்று பழக்குங்கள். விதியைச் சரியாகப் பயன்படுத்திய பிள்ளையை எல்லோர் முன்னாலும் கள்ளன்போல நிறுத்துவது பெரிய அநியாயம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2011-ல் நாட்டிங்ஹாம் டெஸ்டில் இயன் பெல், பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று நினைத்துத் தேநீர் இடைவேளைக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். பந்து எல்லைக்குப் போகவில்லை. எறிந்த பந்தை வாங்கிப் பெயிலைத் தட்டியவர் நம் ஊர் அபிநவ் முகுந்த். விதிப்படி அவுட், நடுவர்களும் அவுட் என்றார்கள். இடைவேளையில் இந்தியக் கேப்டன் தோனி யோசித்து, முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெல் மறுபடி வந்து ஆடினார். நடுவர் விதியைச் சொன்னார், கேப்டன் பெருந்தன்மையைக் காட்டினார். இரண்டும் வேறுவேறு ஆட்களின் வேலை. பெருந்தன்மை காட்டச் சொல்லி நடுவரையே நாம் கேட்கத் தொடங்கும்போதுதான் எல்லாம் குழம்பிவிடுகிறது.

பந்து எறிகிற பிள்ளைகளைப் பற்றியும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஒரு பையனின் கை பிறவியிலேயே கொஞ்சம் வளைந்தது. அவன் பந்து போட வந்தாலே "மாங்கா, மாங்கா" என்று கத்துகிறார்களாம். அவனுக்காக முத்தையா முரளிதரனின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். கண்டியில் பிறந்த தமிழர். முழங்கை முழுதாக நிமிராத கை அவருக்குப் பிறவியிலேயே அமைந்தது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்ன் மைதானத்தில், பல்லாயிரம் பேர் பார்த்திருக்க, நடுவர் டாரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை நோ பால் என்று கை நீட்டினார். முரளி முழங்கையை நிமிர்த்தி எறிகிறார் என்பது அவர் தீர்ப்பு. பிறகு ஆஸ்திரேலியாவிலும் ஹாங்காங்கிலும் பல்கலைக்கழகக் கூடங்களில் கேமராக்களை வைத்து அந்தக் கையை அளந்தார்கள். கண்ணுக்கு எறிவதுபோலத் தெரிவது வளைந்த கையும் மணிக்கட்டின் சுழற்சியும் சேர்ந்து காட்டுகிற தோற்றம் என்று தெரிந்தது. மற்ற பந்துவீச்சாளர்களையும் அளந்தபோது, நேரான கை என்று நாம் நினைத்திருந்தவர்களின் முழங்கையும் பந்தை விடும்போது சில பாகை நிமிர்வது தெரிந்தது. 2005-ல் ஐ.சி.சி. எல்லோருக்கும் 15 பாகை என்று ஒரே வரம்பு வைத்தது. முரளி 800 டெஸ்ட் விக்கெட் எடுத்துவிட்டு 2010-ல் விடைபெற்றார். இன்றுவரை அதை யாரும் தொடவில்லை.

நடுவராக நிற்கிற அண்ணன்மார்களே, ஒரு பிள்ளையின் கை உங்களுக்குச் சந்தேகமாகத் தெரிந்தால் மைதானத்தின் நடுவில் அறிவிக்காதீர்கள். ஓவர் முடிந்ததும் பயிற்சியாளரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். முரளி பெரியவர், பின்னால் அர்ஜுன ரணதுங்கா போன்ற கேப்டன் நின்றார், தாங்கினார். பதினொரு வயதுப் பையனுக்கு யார் நிற்பார்?

நடுவரும் மனிதர்தானே, தவறினால்? அதற்கும் பெரிய இடத்து உதாரணமே இருக்கிறது. 2019 ஜூலை 14, லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதி. கடைசி ஓவரில் மார்ட்டின் கப்தில் எறிந்த பந்து, கிரீஸுக்குப் பாய்ந்த பென் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்கு ஓடிவிட்டது. நடுவர் குமார் தர்மசேனா ஆறு ஓட்டம் என்றார். பந்து எறியப்பட்ட அந்த நொடியில் இரண்டு பேட்ஸ்மேன்களும் ஒருவரையொருவர் கடந்திருந்தால்தான் இரண்டாவது ஓட்டம் சேரும். அவர்கள் கடக்கவில்லை. ஐந்துதான் கொடுத்திருக்க வேண்டும். ஆட்டம் சமனில் முடிந்து, சூப்பர் ஓவரும் சமனாகி, பவுண்டரிக் கணக்கில் கோப்பை இங்கிலாந்துக்குப் போனது. சில நாள் கழித்துத் தர்மசேனா இலங்கைப் பத்திரிகை ஒன்றிடம், தொலைக்காட்சியில் பார்க்கும்போது தவறு தெரிகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். உலகக் கோப்பை இறுதியில் வீரராகவும் ஆடி, நடுவராகவும் நின்ற முதல் மனிதர் அவர். அப்படிப்பட்டவர் கண்ணுக்கும் தப்பியது. அவர் ஒரே நேரத்தில் எறிகிறவரையும், ஓடுகிற இருவரையும், கிரீஸையும் பார்க்க வேண்டியிருந்தது.

பிள்ளைகளின் ஆட்டத்தில் மறு ஒளிபரப்பு இல்லை. ஆனால் விதியிலேயே ஒரு வசதி இருக்கிறது. சந்தேகம் வந்தால் நடுவர் தன் கூட்டாளி நடுவரைக் கேட்கலாம். சொன்ன தீர்ப்பு தவறு என்று தெரிந்தால், தாமதிக்காமல் உடனே மாற்றிக்கொள்ளலாம். நம் ஊர்களில் மாற்றினால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, "நான் பார்த்தது தப்பு, தம்பி, நீ அவுட் இல்லை, வா" என்று கூப்பிட்ட நடுவரைத்தான் பிள்ளைகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தேடி வருகிறார்கள்.

தெரு ஆட்டத்தில் பேட்டிங் அணியிலிருந்து ஒரு பையனைத்தான் அம்பயராக நிறுத்துகிறோம். வேறு ஆள் இல்லை, என்ன செய்வது. அந்தப் பையன் தன் கேப்டனுக்கே ரன் அவுட் கொடுக்கிற சந்தர்ப்பம் வரும். கொடுத்துவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த பந்துக்குக் குனிந்து பார்க்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். வயதில் எவ்வளவு சின்னவர்களானாலும் அவர்களைக் கண்டால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு நல்ல வழி இருக்கிறது என்பதையும் சொல்ல ஆசை. சென்னையில் பிறந்த எஸ். வெங்கட்ராகவன் இந்தியாவுக்காக 57 டெஸ்ட் ஆடினார், பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு 73 டெஸ்ட்களுக்கு நடுவராக நின்றார். 2002-ல் ஐ.சி.சி. முதன்முதலாக அமைத்த உயர்நிலை நடுவர் குழுவில் இருந்த ஒரே இந்தியர் அவர். நம் மாநிலத்து ஜனனி நாராயணன் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு நடுவரானவர். 2023 ஜனவரியில் ஆண்களின் ரஞ்சி ஆட்டங்களுக்கு முதன்முதலாகப் பெண் நடுவர்கள் நின்றபோது, விருந்தா ராத்தி, காயத்ரி வேணுகோபாலன் ஆகியோருடன் அவரும் ஒருவர். எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளில் ஒருத்தியாவது இதைப் படித்துவிட்டு, நானும் நடுவராவேன் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டு உபகரணத் தொகுப்பு தருகிற திட்டம் 2024-ல் தொடங்கியது. மட்டை, பந்து, வலை எல்லாம் வருகின்றன, நல்லது. அவற்றோடு ஊருக்கு இரண்டு இளைஞர்களைத் தேர்ந்து, கபடி, கைப்பந்து, கிரிக்கெட் விதிகளைச் சொல்லிக் கொடுத்து, விசிலைக் கையில் கொடுத்தால் என்ன? உடற்கல்வி ஆசிரியர்கள் விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். பஞ்சாயத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள். ஊருக்கு வந்து நடுவராக நிற்கிறவர்களுக்குப் பரிசளிப்பு மேடையில் ஒரு துண்டு போர்த்துங்கள். ஜெயித்த அணிக்குக் கோப்பை, தோற்ற அணிக்குக் கோப்பை, நன்கொடை கொடுத்தவருக்கு மாலை, நாள் முழுக்க வெயிலில் நின்றவருக்கு மட்டும் ஒன்றுமில்லை என்பது பார்க்கச் சகிக்கவில்லை.

பெற்றோர்களே, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கை தட்டுங்கள். கோட்டுக்கு உள்ளே வந்து நடுவரிடம் பேச வேண்டியது கேப்டன் மட்டும்தான். நீங்கள் நடுவரை ஒருமையில் பேசினால், உங்கள் பிள்ளை அடுத்த வாரம் தன் ஆசிரியரிடம் எப்படிப் பேசும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தைப் பிள்ளைகளின் விளையாட்டு விதிக் கேள்விகளுக்கு ஒதுக்குகிறோம். உங்கள் மைதானத்தில் சண்டை வந்த ஒரு கணத்தை, படம் போட்டோ போடாமலோ எழுதி அனுப்புங்கள். கபடி, கோ கோ, கைப்பந்து, கிரிக்கெட், சாஃப்ட்பால் எதுவானாலும் சரி. யார் பெயரையும் குறிப்பிட்டோ யாரையும் குறை சொல்லியோ எழுத வேண்டாம், என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். விதி தெரிந்தவர்களைக் கேட்டுக் காரணத்தோடு பதில் தருவோம்.

முதல் கேள்வி இப்போதே வந்திருக்கிறது, அதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்கிறாள்: "நாங்க மூணு குச்சி நட்டுதான் ஆடுறோம், பெயில் கிடையாது. பந்து குச்சிய லேசா உரசிட்டுப் போச்சு, குச்சி விழல. நான் அவுட்டா?"

கண்ணு, பெயில் வைத்து ஆடும்போது ஒரு பெயிலாவது கீழே விழ வேண்டும், அல்லது ஒரு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். அப்படி ஆடியிருந்தால், வெறுமனே உரசியதற்கு நீ அவுட் இல்லை. ஆனால் பெயில் இல்லாமல் ஆடுவது என்று முன்பே ஒப்புக்கொண்டுவிட்டால் விதி வேறு. பந்து ஸ்டம்பில் பட்டது என்று நடுவருக்கு உறுதியாகத் தெரிந்தால் போதும், குச்சி விழ வேண்டியதில்லை. உன் அம்பயர் உரசியதைப் பார்த்திருந்தால் நீ அவுட்தான். அவர் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது என்றால், உறுதியில்லாததால் நீ ஆடலாம். நாளைக்கு ஆட்டம் தொடங்குமுன் இதை இரண்டு அணிக்கும் நீயே படித்துக் காட்டு.

அன்புடன்,
ஆசிரியர்